‘வாங்க’ என்றால் சும்மா இருக்காத வாய்

பாட்காஸ்ட் தொடங்கப்போவதாகச் சொல்லி யாராவது என்னிடம் யோசனை கேட்டால், முதல் கேள்வி மைக்கைப் பற்றித்தான் இருக்கும். எந்த மைக் நல்லது, எவ்வளவு ஆகும், ஆன்லைனில் வாங்கலாமா. அட சாமி, மைக் கிடக்கட்டும். ஒருத்தர் பேசும்போது அரை மணி நேரம் வாயை மூடிக்கொண்டு உங்களால் உட்கார முடியுமா? அதை முதலில் பாருங்கள். அது முடியாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கோயம்புத்தூரில் எனக்கு வெட் கிரைண்டர் ரிப்பேர் கடை. கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள், கல் சுற்றவில்லை என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போக மாட்டார்கள். தங்கள் வேலை, மேலதிகாரி, மூட்டுவலி எல்லாம் சொல்லி முடித்துவிட்டுத்தான் ரிப்பேருக்கு வருவார்கள். இதையெல்லாம் நான் ஒருவனே கேட்டு என்ன செய்வது என்று தோன்றியது. ஐம்பதை நெருங்கும் வயதில் ஒரு மைக் வாங்கினேன். கிணறு தூர் வாருகிறவர், டவுன் பஸ் கண்டக்டர், இட்லி மாவு விற்கும் அக்கா என்று ஒவ்வொருவராக வீட்டுக்குக் கூப்பிட்டு அவரவர் வேலையைப் பற்றிப் பேசவைத்து, இணையத்தில் ஏற்றினேன். கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். என் கொழுந்தியாளே முழுசாக ஒன்றையும் கேட்டதில்லை.

எங்கள் தெருவில் மூன்று லேத் பட்டறைகள். அதனால் ஞாயிற்றுக்கிழமைதான் பதிவு. படுக்கையறையின் நான்கு சுவரிலும் பவானி ஜமக்காளத்தைத் தொங்கவிட்டேன். எதிரொலி சுத்தமாக அடங்கிவிட்டது. ஃபேனை நிறுத்த வேண்டும், குக்கரை இறக்க வேண்டும். கல்யாணத்துக்கு வாங்கி வைத்த ஜமக்காளத்தைச் சுவரில் பார்த்த என் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“ஏனுங்க, ஊட்டுக்கு வர்ற மனுசனை ஃபேன் இல்லாம உக்கார வெச்சு வேக விடறீங்களே, அவங்க உங்களுக்கு என்ன பாவம் பண்ணுனாங்க?”

“தொழில்னா அப்படித்தான் அம்மணி,” என்று கெத்தாகச் சொல்லிவிட்டேன்.

கெத்து நான்கு வாரம்கூட நிற்கவில்லை. ஒருவர் கருத்து எழுதியிருந்தார்: “பேட்டி அருமை அண்ணா. ஆனா பக்கத்துல ஒருத்தர் முக்கிட்டே இருக்காரே, அவருக்கு உடம்பு சரியில்லையா?”

அந்த ஒருத்தர் நான்தான். எங்கள் பக்கம் யார் பேசினாலும் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்து கேட்கிற வழக்கம் கிடையாது. அவர் ஒரு வரி சொன்னால் நாம் ஒரு ‘ம்’ போட வேண்டும். அடுத்த வரிக்கு ‘ஆமாங்க’. அதற்கடுத்து ‘அது சரிங்க’. போடாவிட்டால் மரியாதைக் குறைவு. நேரில் இதெல்லாம் காதில் விழாது. ஹெட்போனில் கேட்டால் அவர் பேச்சைவிட என் ‘ம்’ சத்தம்தான் பெரிதாக இருந்தது.

சரி, ரோஷம் வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு கண்டக்டர் வந்தபோது பல்லைக் கடித்துக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டினேன். அவர் மூன்று நிமிடம் பேசினார். வேகம் குறைந்தது. அப்புறம் நின்றே விட்டார்.

“ஏனுங்ணா, நான் ஏதாச்சும் தப்பாப் பேசிப்போட்டனுங்களா? மூஞ்சியே ஒரு மாதிரி இருக்குதுங்களே?”

“இல்லீங்க, இல்லீங்க, நீங்க சொல்லுங்க” என்று பதறி, மறுபடி ‘ம்’ போட ஆரம்பித்தேன். மனிதர் டாப் கியரில் போனார். இதற்கு வழி இருக்கிறது. ஆளுக்கொரு மைக், ஆளுக்கொரு தனிப்பதிவு என்று வைத்துக்கொண்டால் நம் சத்தத்தைப் பிறகு எடுத்துவிடலாம். எனக்கும் சொன்னார்கள். ஒரு மைக் போதும், எல்லாம் பார்த்துக்கொள்ளலாம் என்று நான்தான் பிடிவாதமாக இருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் மைக் செட் கட்டுகிற பாய் என் கடைக்கு வந்தார். கோட்டைமேட்டுக்காரர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், ஆனாலும் ஊர் வழக்கப்படி என்னை ‘அண்ணா’ என்றுதான் கூப்பிடுவார். என் கல்யாணத்துக்கு மைக் செட் கட்டியவர் அவர்தான். பொள்ளாச்சியிலிருந்து ஈரோடு வரை அவர் கட்டாத மண்டபம் இல்லை. செட்டைக் கட்டிவிட்டு ஓரமாக உட்காருகிற ஆளும் இல்லை. மைக்கைத் தன் கையில் வாங்கி, “எல்லாரும் வாங்க, உக்காருங்க, நல்லாச் சாப்பிட்டுப்போட்டு நிதானமாப் போங்க” என்று தேன் வழிகிற குரலில் சொல்வார். பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் யாரும் இதைச் சொல்லச் சொல்வதில்லை. ஆனாலும் அந்தக் குரலுக்காகவே அவரைப் பிடிப்பவர்கள் உண்டு.

அன்று அவர் கிரைண்டர் எதுவும் கொண்டுவரவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தார். குரல் லேசாகக் கரகரத்தது.

“தொண்டையில கட்டிங்ணா. வர்ற செவ்வாக்கெழமை ஆபரேசன். தள்ளிப் போடக் கூடாதுன்னுட்டாங்க. குரல் நின்னாலும் நிக்கும், போனாலும் போகும்கறாங்க.”

கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

“அது போகட்டுமுங்க. அடுத்த மாசம் என்ற புள்ளைக்கு நிக்காஹ். ஊர்ல இருக்கற புள்ளைங்க கல்யாணத்துக்கெல்லாம் ‘வாங்க’ன்னு சொல்லிப்போட்டு, என்ற புள்ள கல்யாணத்துல நான் ஊமையா நிக்கறதுங்களா? உங்ககிட்ட நல்ல மைக் இருக்குதாமா. அந்த ‘வாங்க’வை இப்பவே சித்த பதிவு பண்ணிக் குடுத்துருங்ணா. மண்டபத்துல போட்டுக்கறேன்.”

ஞாயிற்றுக்கிழமை காலை வந்தார். அறைக்குள் நுழைந்ததும் ஜமக்காளத்தைத் தடவிப் பார்த்தார், கையைத் தட்டிப் பார்த்தார், தலையாட்டினார். ஊரிலேயே சத்தம் தெரிந்த மனிதர் ஒருவர் பாராட்டினால் எப்படி இருக்கும்! எனக்குத் தலைகால் புரியவில்லை. முதலில் அவர் தொழிலைப் பற்றிப் பேச வைத்தேன். நானும் வழக்கம்போல ‘ம்’ போட்டேன். பேசப் பேச அவருக்குக் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. வரவேற்பைச் சொல்வதற்கு முன்னால் வெந்நீர் குடித்தார்.

“இது மட்டும் நான் தனியாச் சொல்லோணுமுங்ணா. நீங்க பொட்டாட்ட இருந்துக்குங்க.”

“சத்தமே வராதுங்க பாய்” என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். மகள் பெயரைச் சொன்னார், மாப்பிள்ளை பெயரைச் சொன்னார். உட்காரச் சொன்னார், யாரும் சாப்பிடாமல் போகக் கூடாது என்றார். கடைசியில் குரலில் இருந்த மிச்சத்தையெல்லாம் திரட்டி, “எல்லாரும் வாங்க!” என்று முடித்தார். கண்ணைத் திறந்தபோது கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

“ஒருக்காப் போட்டுக் கேட்டுப்போடலாமுங்களா?” என்றார்.

இந்த இடத்தில்தான் நான் மடையனானேன். உள்ளே இலை போட்டாகிவிட்டது. இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் படுக்கப்போகிற மனிதரை வாசலோடு அனுப்ப முடியுமா? “அதெல்லாம் பக்காவா வந்திருக்குதுங்க. சோறு ஆறுது, வாங்க” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். தன் குரலைக் கேட்க அவருக்கும் பயமாக இருந்திருக்கும், வற்புறுத்தவில்லை. பாட்காஸ்ட் செய்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: வந்தவர் நாற்காலியை விட்டு எழுவதற்குள் பதிவைப் போட்டுக் கேளுங்கள். சோறு ஆறினால் சுட வைத்துக்கொள்ளலாம்.

ஆபரேசன் முடிந்த மறுநாள்தான் ஃபைலைத் திறந்தேன். உயிருக்கு ஆபத்தில்லை, குரல் மட்டும் போய்விட்டது என்று காலையில்தான் செய்தி வந்திருந்தது. ஹெட்போனை மாட்டினேன். கரகரப்புக்கு நடுவிலும் தேன் மாதிரி வந்தது குரல். கடைசி வரிக்கு வந்தேன்.

“எல்லாரும் வாங்க!”

“வந்தேனுங்க!”

பின்னால் ஓட்டி மறுபடி கேட்டேன். சந்தேகமே இல்லை, என் குரல். பளிச்சென்று, சம்பந்தி வீட்டு மாமன் மாதிரி பதில் சொல்லியிருக்கிறேன். எங்கள் ஊரில் ஒருத்தர் ‘வாங்க’ என்றால் ‘வந்தேனுங்க’ என்று சொல்லாமல் வாசற்படி தாண்ட மாட்டோம். ஐம்பது வருசப் பழக்கம், நான் பொட்டாட்ட இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தபோதே வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்னது எனக்கே தெரியவில்லை. நெற்றியில் அடித்துக்கொண்டேன்.

வெட்டிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அவர் ‘ங்க’வை முடிப்பதற்குள் என் ‘வ’ ஏறிவிட்டிருந்தது. என்னை எடுத்தால் அதுவும் சேர்ந்து போனது. ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் போட்டுப் பார்த்தேன். மிஞ்சியது “எல்லாரும் வா!”

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த மனைவி வாயில் கை வைத்தாள். “அட கெரகமே, சம்பந்தி ஊட்டுக்காரங்களை ‘வா’ன்னா கூப்புடறது? வந்த கார்லயே திரும்பிப் போயிருவாங்க!”

‘உக்காருங்க’வில் இருந்து ஒரு ‘ங்க’வை அறுத்துக் கொண்டுவந்து ஒட்டினேன். விக்கல் எடுத்த மாதிரி இருந்தது. பகலெல்லாம் உட்கார்ந்து இருபது விதமாக ஒட்டினேன், இருபதும் விக்கல். ஒரு மனிதர் குரலோடு கடைசியாகச் சொன்ன வார்த்தையை, நம்பி ஒப்படைத்த வார்த்தையை, இப்படிக் கெடுத்துவிட்டேனே என்று அழுகையே வந்துவிட்டது.

அவர் வீட்டுக்கு வந்த பிறகு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். கழுத்தில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொல்லி இரண்டையும் போட்டுக் காட்டினேன். முதலில் வெட்டியதைக் கேட்டார். முகம் சுருங்கியது, வேண்டாம் என்று கையை ஆட்டினார். பிறகு வெட்டாததைக் கேட்டார். தோள் குலுங்கியது. ஐயோ, அழுகிறார் என்று எழுந்துவிட்டேன். பார்த்தால் சிரிக்கிறார், சத்தமே இல்லாமல். செல்போனை எடுத்துத் தட்டிக் காட்டினார்: “இதையே போடுங்ணா. ‘வா’ன்னு சொன்ன கெட்ட பேரு எனக்கு வேண்டாம்.”

உக்கடம் பக்கம் ஒரு மண்டபத்தில் நிக்காஹ். மனைவி நேராக உள்ளே போய்விட்டாள். நான் வண்டியை நிறுத்துகிற சாக்கில் வெளியிலேயே, ஜன்னலோரம் நின்றேன். உள்ளே போக முகமில்லை. ஸ்பீக்கரில் அவர் குரல் வந்தது. “எல்லாரும் வாங்க!” அதைத் தொடர்ந்து என் மானங்கெட்ட “வந்தேனுங்க!” மண்டபமே கொல்லென்று சிரித்தது. தொலைந்தேன் என்று நினைத்தேன்.

வண்டிகள் வந்துகொண்டே இருந்தன. பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். இரண்டாவது தடவை “எல்லாரும் வாங்க!” என்றபோது, பொள்ளாச்சிப் பக்கம் அவர் மைக் செட் கட்டிய தோட்டத்துக்காரர்கள் நாலைந்து பேர் பதிவில் இருந்த என் குரலோடு சேர்ந்து “வந்தேனுங்க!” என்று குரல் கொடுத்தார்கள். மூன்றாவது தடவை ஒரு பக்கம் முழுக்கச் சொன்னது. நான்காவது தடவை என் குரலே கேட்கவில்லை. அவர் உறவுக்காரர்கள், சம்பந்தி வீட்டார், குழந்தைகள், பிரியாணி பரிமாறுகிறவர்கள் எல்லாரும் ஒட்டுக்காகச் சொன்னார்கள். மண்டபம் அதிர்ந்தது.

அதற்குமேல் வெளியே நிற்க முடியவில்லை. வாசலுக்குப் போனேன். கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு பாய் நின்றிருந்தார். கன்னமெல்லாம் ஈரம். துடைக்கக்கூட இல்லை. அந்த நேரம் பார்த்துப் பதிவு முடிந்து ஸ்பீக்கர் அமைதியாக இருந்தது. என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டினார். உதடு அசைந்தது. காற்று மட்டும்தான் வந்தது.

“வந்தேனுங்க பாய்,” என்றேன்.