லாச்சிக்குள் மூன்று தட்டு

நம்பாதவர்கள் இப்போதே மூடிவிட்டுப் போங்கள், கெஞ்ச மாட்டேன். இது போன பெப்ரவரி, ஸ்கார்பரோவில், பட்டப்பகலில் நடந்தது. நான் அங்கே நின்றேன்.

பழைய களஞ்சியம் ஒன்றை நியூயோர்க் பிணவறையாக மாற்றிப் படம் எடுத்தோம். உதவி இயக்குநர்களில் நான் கடைசி ஆள். பிணமாக நடிக்க அமெரிக்காவிலிருந்து வோல்டர் கீன் வந்திருந்தார். எழுபத்துமூன்று வயது. நாற்பது வருடமாக மேடையிலும் திரையிலும் காவலாளி, கடைக்காரன், சாகிற ஆள். "நூற்றுப்பதினொரு தடவை செத்திருக்கிறேன்" என்று சிரித்தார். பாவம், இந்தத் தடவை ஒரு வசனம்கூட இல்லை.

அவரை, பிணம் வைக்கும் இழுப்பறையான இரும்பு லாச்சிக்குள் கிடத்தி மூடுவோம். வெளியே நடிகர்கள் வசனம் பேசி முடித்து லாச்சியை இழுக்க, முகம் தெரியும். மூச்சு முட்டினால் உள்ளிருந்து மூன்று தட்டு. தட்டியதும் ஷொட்டை நிறுத்தி இழுக்க வேண்டியது நான். ஆனால் காலையில் ஒரு ஷொட்டைக் கெடுத்திருந்தேன். இன்னொன்று கெட்டால் வேலை போச்சு என்று சொல்லியிருந்தார்கள்.

2:10. கமரா ஓடியது.

டொக்... டொக்... டொக்.

கையை நீட்டினேன். மடக்கிக்கொண்டேன். கிழவர் ஒரு நிமிடம் பொறுக்கமாட்டாரா என்று எரிச்சல் வந்தது.

2:14. லாச்சியை இழுத்தார்கள். ஷொட் முடிந்ததும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"கேட்டதா?"

"இல்லை" என்றேன்.

தலையாட்டினார்.

பிறகு ஐந்து ஷொட். நெஞ்சுகூட ஏறி இறங்கவில்லை. இயக்குநர் கைதட்டினார். ஒப்பனை செய்யும் ஏஞ்சலா அக்கா மட்டும் என்னிடம் வந்தார்.

"யூட்சன், அந்த மனிசன்ர முகம் ஐஸ் மாதிரிக் கிடக்கடா."

"நாள் முழுக்க லாச்சிக்குள்ள கிடந்தா வேற எப்பிடி இருக்கும்?"

"மூச்சு விடுறாரோ எண்டு பார்த்தனியே?"

"சும்மா விசர்க்கதை கதையாதேங்கோ அக்கா."

6:40. போகும் நேரத்தை எழுதிக் கையொப்பமிட வேண்டும். அவர் 2:12 என்று எழுதினார். மறதி என்று அதை வெட்டி 6:40 என்று எழுதினேன். அவரிடமிருந்து பேனையை வாங்கியபோது விரல் பட்டிருந்தது. ஐயோ, அந்தக் குளிர்...

மறுநாள் காலை 7:05. துடைப்பதற்காக லாச்சியை இழுத்தேன்.

உள்ளே கிடந்தார்.

விறைத்து.

நகமெல்லாம் உடைந்து...

மாரடைப்பு என்றார் வைத்தியர். முதல் நாள் பிற்பகல் இரண்டு மணியளவில்.

பதிவைப் போட்டுப் பார்த்தோம். முதல் ஷொட்டில் மூன்று தட்டு. அதற்குப் பிறகும் நாற்பத்தொரு தட்டு. அவை எனக்குக் கேட்கவேயில்லை, சத்தியமாக. கடைசித் தட்டு 2:12.

பதிவில் மற்ற ஐந்து ஷொட்டிலும் லாச்சி வெறுமையாக இருந்தது.

ஆகவே படத்தில் முதல் ஷொட்டையே வைத்தார்கள், தட்டிய சத்தத்தை அழித்துவிட்டு. பிணமாக நடித்தவர் அபாரம் என்று பத்திரிகையில் எழுதினார்கள்.

என் வேலை போகவில்லை.