இடது பக்கம் அடிக்காதே

சாஃப்ட்பால் கோச் வேலைக்கு முக்கியமான தகுதி, வயிறு கலங்கும்போது முகம் கலங்காமல் வைத்துக்கொள்வது. கழுத்தில் விசில் மாட்டிக்கொண்டு காலம் தள்ளிய அன்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கொல்லிமலையில் ஒரு கல்லூரியில் பெண்கள் டீமுக்கு நான் ரொம்ப காலமாகக் கோச். என் முடியெல்லாம் பயத்தில்தான் கொட்டியது என்றால் வீட்டில் நம்புவதில்லை. நீங்களாவது நம்புங்கள்.

வேலி இல்லாத பக்கம்

எங்கள் கிரவுண்டுக்கு இடது பக்கம் வேலி கிடையாது, கருப்பன் காடுதான் இருக்கிறது. சாமி காடு. உள்ளே செருப்புக் கால் படக்கூடாது, சுள்ளி ஒடிக்கக்கூடாது, உள்ளே விழுந்தது எதுவானாலும் வெளியே எடுத்து வரக்கூடாது. ஒரு ஆள் அங்கே உதிர்ந்து கிடந்த பலாப்பழத்தை வீட்டுக்குத் தூக்கிப்போய் வெட்டினானாம். உள்ளே சுளைக்குப் பதிலாக அவனுடைய பற்களே வரிசையாக இருந்தனவாம். பழத்தை நான் பார்க்கவில்லை. ஆனால் அந்த ஆளுக்கு வாயில் ஒரு பல்கூட இல்லாததைப் பார்த்திருக்கிறேன்.

வலது கைக்காரர் ஓங்கி அடித்தால் பந்து இடது பக்கம்தான் பறக்கும். எங்கள் பிள்ளைகளோ காட்டுக்குப் பயந்து எதையும் வலது பக்கமே தள்ளிப் பழகிவிட்டார்கள். மலையை விட்டுக் கீழே ஆடப் போனால், எதிர் டீம் மொத்தமும் வலது பக்கம் போய்ப் பந்தியில் இலைக்குக் காத்திருப்பது போல நிற்கும். ஒரு மேட்ச்கூட ஜெயித்ததில்லை. புதிதாக வந்த பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு அமைதியாகச் சொன்னார்: "இந்த வருஷம் ஒண்ணாவது ஜெயிங்க சார். இல்லேன்னா டீமைக் கலைச்சுட்டு கிரவுண்டுல மிளகுக்கொடி போட்டுடலாம். அதுவாவது காய்க்கும்."

பனிக்குள் ஒரு ஆள் அதிகம்

மிளகுக்கொடி பயத்தில் காலைப் பயிற்சியை முன்னாலேயே ஆரம்பித்தேன். மலைப்பனி தெரியுமல்லவா, நீட்டிய கை காணாது. ஒன்பது பேர் ஆடும் ஆட்டம். பனிக்குள் தெரிந்த உருவங்களை எண்ணினால் பத்து. கண்ணைக் கசக்கிக்கொண்டு எண்ணினேன், அப்போதும் பத்து. வலது கோடியில் அகலமாய் ஒரு உருவம். இருந்தாலும் கோச் இல்லையா, "யாரும்மா அது, இன்னும் பின்னால போ" என்று கத்தினேன். போனது. "முழங்காலை மடக்கு" என்றேன். மடக்கியது.

பந்து பிடிக்க என் பக்கத்தில் குந்தியிருந்த சரசு, தலையைத் திருப்பாமலே முணுமுணுத்தாள்: "அது கரடிங்க சார். ஓடறதுன்னா சத்தமில்லாம ஓடுங்க. ஆனா பாருங்க, நீங்க சொன்ன எடத்துல நிக்கறது அது ஒண்ணுதான்."

பொன்னியின் அடி

கரடிக்குத் தப்பி வந்ததும் ஒரு முடிவுக்கு வந்தேன். ஒருத்தியாவது இடது பக்கம் அடிக்காமல் ஜெயிக்க வழியே இல்லை. மலையிலேயே குண்டனி நாடு என்கிற பகுதியிலிருந்து வரும் பொன்னியைத் தேர்ந்தெடுத்தேன். மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிப் பிடுங்கி இறுகிய தோள் அவளுக்கு. "இடது பக்கம் அடி சாமி, ஆனா காட்டுக்கு முன்னாலயே விழற மாதிரி மெதுவா" என்றேன். அவளுக்கு மனசே இல்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு மட்டையை எடுத்தாள். முதல் அடி நடுவில் விழுந்தது. அடுத்தது எல்லைக்குக் கொஞ்சம் இப்பால். அதற்கடுத்த பந்துக்கு மட்டையைக் கை தானாக வீசிவிட்டது. பந்து மரங்களுக்கு மேலே ஏறிக் கருப்பன் காட்டுக்குள் இறங்கியது. அதுவரை கத்திக்கொண்டிருந்த குருவிகள் வாயை மூடின.

பொன்னி மட்டையைக் கீழே போட்டாள். அவள் பல் கிட்டித்துக்கொண்டது எனக்குக் கேட்டது. அன்று சாயங்காலமே காய்ச்சலில் படுத்துவிட்டாள். பார்க்கப் போன என்னிடம் அவள் அப்பா வாசலிலேயே நின்று சொன்னார்: "ஏனுங்க சார், பந்து தொலைஞ்சா வேற வாங்கிக்கலாமுங்க. புள்ளைய எங்கீங்க போய் வாங்கறது?"

பூ கேட்டது

ஊர் கூடியது. காட்டு வாசலில் ஒரு கல், அதுதான் சாமி. பூசாரி கல்லின் உச்சியில் ஈரத்தோடு ஒரு பூவை வைத்தார். பூ வலது பக்கம் விழுந்தால் கருப்பன் பொறுத்துக்கொண்டான் என்று அர்த்தம். இடது பக்கம் விழுந்தால் கிரவுண்டில் இனி யாரும் கால் வைக்கக்கூடாது. டீம் அன்றோடு சரி. பொன்னி கம்பளியைப் போர்த்திக்கொண்டு அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்றாள். அடிக்கச் சொன்னவன் நான் என்பதால் என்னைக் கல்லுக்கு நேர் எதிரே நிறுத்தியிருந்தார்கள்.

பூ அசையவே இல்லை. பூ மெல்ல இடது பக்கம் சாய்ந்தது. என்னைக் கேட்டால் கருப்பனே ஒரு தடவை மூச்சு விட்டான் என்றுதான் சொல்வேன், பூ அப்படியே திரும்பி வலது பக்கம் உருண்டு விழுந்தது. பொன்னி உட்கார்ந்து அழுதாள். நான் கும்பிட்டுவிட்டு நைசாக நகரப் பார்த்தேன். ஊர்க்கவுண்டர் கையைக் காட்டி நிறுத்தினார்: "பந்த மட்டும் வெச்சுக்கிட்டு சாமி என்னத்த ஆடுமுங்க? அந்த மட்டையவும் வெச்சுட்டுப் போங்க."

மலை இறங்கிய பஸ்

இருந்த ஒரே நல்ல மட்டை போய்விட்டது. மிச்சமிருந்த விரிசல் மட்டையோடு அந்த வருஷத்தின் கடைசி மேட்சுக்கு நாமக்கல் கிளம்பினோம். அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் எத்தனையோ தடவை இறங்கியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அதுதான் கடைசி என்று நினைத்திருக்கிறேன். டயர் விளிம்பைத் தொடும்போது ஜன்னலுக்கு வெளியே ரோடு இருக்காது, ஆகாயம்தான் இருக்கும். பிள்ளைகள் வறுத்த கடலை தின்றுகொண்டு பாட்டுப் பாடினார்கள். பொன்னி மட்டும் கடலையைத் தின்னாமல் மடியிலேயே வைத்திருந்தாள். நான் கம்பியைப் பிடித்து மலைப்பக்கமாக இழுத்துக்கொண்டே வந்தேன். கண்டக்டர் கடைசியில் பொறுக்க முடியாமல் சொன்னார்: "பெரியவரே, கம்பிய விடுங்க. நீங்க இழுக்கற இழுப்புல வண்டி ஒருபக்கமா சாயுதுன்னு டிரைவர் சொல்றாரு."

அந்தப் பக்கம் யார்?

விரிசல் மட்டையோடு ஆடக்கூடாது என்று அம்பயர் தூக்கிப் போட்டுவிட்டார். எதிர் டீம் கோச் சிரித்துக்கொண்டே தன் மட்டையை இரவல் கொடுத்தார். எங்களால் என்ன ஆகிவிடப் போகிறது என்ற தைரியம். வழக்கம் போல அவர் ஆட்களெல்லாம் வலது பக்கம். கடைசி இன்னிங்ஸில் நாங்கள் ஒரு ரன் பின்னால். சரசு பாதிச் சுற்று ஓடி இரண்டாவது பேஸில் நின்றாள். ஏற்கெனவே இரண்டு பேர் அவுட், இன்னொன்று போனால் டீமே போச்சு. மட்டையோடு பொன்னி வந்தாள். பந்து வந்தது. கை மறுபடியும் தானாக வீசிவிட்டது. இடது பக்கச் சுவரைத் தாண்டிப் பந்து மறைந்தது. இரண்டு பேரும் சுற்றி ஓடி வந்துவிட்டால் இரண்டு ரன், ஜெயம்.

கைதட்டப் போனவன் அப்படியே உறைந்துவிட்டேன். பொன்னி ஓடவில்லை. ஷூவைக் கழற்றிவிட்டு, சுவரைப் பார்த்துக் கைகூப்பி நின்றாள். அவளைப் பார்த்து சரசும் ஷூவைக் கழற்றினாள். "ஓடலேன்னா அவுட்டு" என்றார் அம்பயர். நான் கோட்டோரம் போய்க் கெஞ்சினேன், ஓடு சாமி, ஓடு கண்ணு.

"அந்தப் பக்கம் எந்த சாமிங்க சார்?"

"சாமி இல்ல கண்ணு, லாரிப் பட்டறை."

"பட்டறைல சாமி படம் மாட்டியிருப்பாங்களே சார்."

"அது கீழ்நாட்டு சாமி. அதுக்கு லாரி போதும், பந்து கேக்காது."

சுவரை இன்னொரு தடவை கும்பிட்டாள். பிறகு ஷூவைக் கையில் பிடித்தபடி வெறுங்காலோடு ஓடினாள், சரசு முன்னால், இவள் பின்னால். ஜெயித்துவிட்டோம்.

கொஞ்ச நேரத்தில் பட்டறைக்காரர் கிரீஸ் கையோடு பந்தைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு பிள்ளையிடமாக நீட்டிப் பார்த்துவிட்டுக் கடைசியில் என்னிடம் வந்து நின்றார்: "ஏனுங்க, பந்தக் குடுத்தா உங்க புள்ளைங்க என்னையக் கும்புட்டுட்டு அப்படியே பின்வாங்கிப் போவுதுங்க. நான் என்னங்க பண்ணட்டும்?"

தோற்றிருந்தால் என் பயமெல்லாம் அன்றோடு தீர்ந்திருக்கும். பாழாய்ப்போன வெற்றி வந்து, இந்த வருஷமும் என்னைக் கோச்சாக வைத்துவிட்டது.