கீழ்க்கட்டிலில் எழுதியது

நான் எழுதியதை இன்னொருவர் சத்தமாகப் படிக்க முதன்முதலாகக் கேட்டபோது, என் வாயில் பாதி பரோட்டா இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை. தோஹாவில், நஜ்மா பகுதியில், ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் எங்கள் அறை. மூன்று பேர் இருந்தோம். கதவோரத்து ஒற்றைக் கட்டில் கீழக்கரைக்காரருக்கு. பக்கத்துத் தெருவில் மொபைல் கடையில் வேலை அவருக்கு, நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம். சுவரோரம் இருந்த அடுக்குக் கட்டிலில் கீழே நான், மேலே அண்ணன். அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. மன்னார்குடிப் பக்கத்துக்காரர், சைட்டில் ஃபோர்மேன், ஐம்பதைத் தாண்டியவர். லீவு நாளில் மூவரும் தரையில் பேப்பர் விரித்து ஒன்றாகச் சாப்பிடுவோம்.

பாய் ஒரு கையால் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே மறு கையில் போனைத் தள்ளிக்கொண்டிருந்தார். "அட, இதைக் கேளுங்க. குரூப்ல எவனோ அனுப்பிருக்கான். நம்ம ரூமைப் பாத்து எழுதுன மாதிரியே இருக்கு," என்று சொல்லிவிட்டுப் படிக்க ஆரம்பித்தார்.

"எங்கள் அறையில் ஒரு மூலை மட்டும் எப்போதும் சுத்தமாக இருக்கும். அந்த மூலையில் யாரும் குடியிருக்கவில்லை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது என் வரி. அடுத்த வரியும் என்னுடையது. நான் எழுதி, யார் கண்ணிலும் படாமல் பூட்டி வைத்திருந்தது. சத்தியமாக அதை நான் வெளியிடவில்லை. அது எப்படிப் பாயின் போனுக்குள் வந்தது?

இங்கே என் லட்சணத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நான் ஒரு கட்டுமானக் கம்பெனியில் டாகுமென்ட் கன்ட்ரோலர். இன்ஜினியர்கள் வரைகிற ட்ராயிங்குக்கு எண் போட்டு, மேலே ஒப்புதலுக்கு அனுப்பி, திரும்பி வருவதை அடுக்கி வைக்கிற உத்தியோகம். திரும்பி வருவதில் ஒரு முத்திரை இருக்கும். ஏ என்றால் சரி. பி என்றால் சில்லறைத் திருத்தம். சி என்றால் திருத்தி மறுபடி அனுப்பு. அதிகம் வருவது சி. வருடக்கணக்கில் அந்த முத்திரையையே பார்த்துப் பார்த்து, கண்ணாடியில் என் மூஞ்சியைப் பார்த்தாலும் சி போடத் தோன்றும் நிலைக்கு வந்திருந்தேன்.

இந்த அழகில் ஒரு வலைப்பூ ஆரம்பித்தேன். பெயர் போடவில்லை, படம் போடவில்லை. எழுதுவேன், மறுநாள் நானே படித்துப் பார்த்து எனக்கு நானே சி போடுவேன். ரெவிஷன் ஒன்று, ரெவிஷன் இரண்டு என்று பெயர் மாற்றிச் சேமிப்பேன். ஒரு கட்டுரை ரெவிஷன் பதினொன்று வரை போனது. பஸ்ஸில் டிபன் பாக்ஸை மறந்துவிட்டு வந்ததைப் பற்றிய கட்டுரை அது. அதற்குப் பதினொரு திருத்தம்! நீ யார் எழுதுவதற்கு, உனக்கு என்ன தெரியும், எவன் படிக்கப் போகிறான் என்று உள்ளே ஒரு குரல் நச்சரித்துக்கொண்டே இருக்கும். மொத்தத்தில் இரண்டு பதிவுதான் வெளியே விட்டேன். இரண்டுக்கும் ஒரு வாசகர் இருந்தார். ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து திறந்து பார்த்த நான்தான் அது என்று பிறகு தெரிந்தது.

மூன்றாவதாக எழுதியது அந்த மூலையைப் பற்றி. அது அண்ணனின் மூலை. ஒரு மயில் போட்ட திரை, ஒரு பிளாஸ்டிக் பூச்சாடி, ஒரு நாற்காலி. தினமும் சாயங்காலம் அண்ணன் குளித்துவிட்டு, கைலிக்கு மேலே இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு அங்கே உட்கார்ந்து வீட்டுக்கு வீடியோ கால் போடுவார். கம்பெனி தனக்குத் தனி அறை கொடுத்திருப்பதாக வந்த புதிதில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார். அதைக் காப்பாற்ற வேண்டுமே. அவர் பேசுகிற இருபது நிமிடமும் பாய் சமையல்கட்டை விட்டு வெளியே வர மாட்டார். நான் கட்டிலில் மூச்சுக் காட்டாமல் படுத்திருப்பேன். எனக்கு ஏசி ஒத்துக்கொள்ளாது. சில நாள் அடக்க முடியாமல் தும்மிவிடுவேன். "டி.வி.ம்மா" என்பார் அண்ணன். எங்கள் அறையில் டி.வி. கிடையாது. பேச்சை முடிக்கும்போது தினமும் ஒரே கேள்வி கேட்பார்: "கேட்டைப் பூட்டியாச்சா?" ஆமாம் என்று மகள் சொன்ன பிறகுதான் போனை வைப்பார்.

இதைத்தான் எழுதினேன். கேலியாக அல்ல, பிரியமாகத்தான். இருந்தாலும் பயம். தோஹாவைக் குவைத்தில் இருக்கும் ஃபஹாஹீல் ஆக்கினேன். வெள்ளைச் சட்டையை நீலமாக்கினேன். மயிலை ரோஜாவாக்கினேன். ஃபோர்மேனை ஸ்டோர் கீப்பர் ஆக்கினேன். அப்படியும் வெளியிடக் கை வரவில்லை.

வளைகுடாவில் இருப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதையும் லீவுக்குத் தள்ளிப்போடுவது. பல் பிடுங்குவது, பெண் பார்ப்பது, அண்ணன் தம்பி சண்டையைத் தீர்ப்பது எல்லாமே லீவுக்குத்தான். நானும் அதைத்தான் செய்தேன். குறித்த தேதியில் பதிவு தானாக வெளியாக ஒரு வசதி இருந்தது. நான் ஊரில் இருக்கப்போகும் ஒரு வியாழக்கிழமையைக் குறித்தேன். யாராவது கண்டுபிடித்தாலும் நான் தென்காசியில் இருப்பேன், முகத்தில் முழிக்க வேண்டாம். வீரம் அவ்வளவுதான்.

அப்புறம் சைட்டில் வேலை முடியவில்லை என்று என் லீவை ஒரு மாதம் தள்ளிப்போட்டார்கள். டிக்கெட்டை மாற்றினேன். வீட்டுக்குச் சொன்னேன். ஊருக்கு எடுத்துப்போக வாங்கிய சாக்லேட்டைக்கூட ஃப்ரிட்ஜில் மாற்றி வைத்தேன். பதிவின் தேதியை மாற்ற மறந்துபோனேன். தேதிகளைப் பார்த்துக்கொள்ளத்தான் எனக்குச் சம்பளமே கொடுக்கிறார்கள்.

ஆக, குறித்த வியாழக்கிழமை அது கிளம்பிப் போய்விட்டது. அண்ணனுக்கு இரண்டு அடி தள்ளி, வாயில் பரோட்டாவுடன் நான் உட்கார்ந்திருக்கிறேன். பாய் கடைசி வரி வரை படித்து முடித்தார். கேட் கேள்வியும் வந்தது. எல்லாவற்றையும் மாற்றியவன் அந்த ஒன்றை மாற்றவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"எல்லா ரூம்லயும் இப்படி ஒருத்தர் இருப்பாங்க போல. எழுதுனவன் நல்லாத்தான் எழுதிருக்கான்," என்றார் பாய். அண்ணன் பக்கம் பார்க்காமலேயே சொன்னார்.

அண்ணன் தலையை நிமிர்த்தவில்லை. "சால்னா இன்னும் இருக்கா?" என்றார்.

நல்லா எழுதியிருக்கான். இந்த இரண்டு வார்த்தைக்காகத்தான் இத்தனை நாள் ஏங்கினேன். அது வந்தபோது எனக்குத் திருடன் அகப்பட்ட மாதிரி இருந்தது.

மூன்று பேர் இருக்கிற அறையில் தனியாக இருக்கக் குளியலறைதான் உண்டு. உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டு போனைத் திறந்தேன். ஒன்று என்று நின்றிருந்த இடத்தில் மூன்று இலக்கம். மஸ்கட்டில் படித்திருக்கிறார்கள், ஷார்ஜாவில் படித்திருக்கிறார்கள், ஊரில் நிறையப் பேர் படித்திருக்கிறார்கள். நம்ப முடியாமல் போனை அணைத்துத் திறந்து மறுபடி பார்த்தேன். அழித்துவிடலாம் என்று விரலைக் கொண்டுபோனபோது, பக்கத்தில் கருத்துகள் என் ஒப்புதலுக்குக் காத்திருக்கின்றன என்று காட்டியது. வாழ்க்கையில் முதல் தடவையாக என் ஒப்புதலுக்கு ஏதோ ஒன்று காத்திருந்தது. திறந்தேன். மூன்றாவதாக இருந்தது இது:

"குவைத் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்க அப்பா தோஹாவில் இருக்கிறார். ஆனால் கேட்டைப் பூட்டியாச்சா என்று கேட்டுவிட்டுப் போனை வைக்கிறவர் எனக்குத் தெரிந்து எங்க அப்பா ஒருத்தர்தான். அவர் தனி ரூமில் இல்லை என்று எனக்கு ரொம்ப நாளாகத் தெரியும். பின்னால் யாரோ தும்முவார்கள். டி.வி. என்பார். நானும் சரி என்பேன். நான் இதைப் படித்தேன் என்று அவரிடம் சொல்லாதீர்கள். இதை வெளியிடவும் வேண்டாம். ஒன்றே ஒன்று மட்டும் என் மெயிலுக்குச் சொல்லுங்கள். அடுக்குக் கட்டில் என்று எழுதியிருக்கிறீர்களே, அப்பா மேலேயா கீழேயா? அவருக்கு முழங்கால் சரியில்லை."

நான் அப்படியே குப்புறக் கவிழ்த்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று வருடத்துக்கு முன் இந்த அறைக்கு வந்த அன்று எனக்கு நல்ல காய்ச்சல். அண்ணன் தன் கீழ்க்கட்டிலை எனக்கு விட்டுக்கொடுத்து மேலே ஏறிக்கொண்டார். காய்ச்சல் நான்கு நாளில் போய்விட்டது. கட்டில் என்னிடமே நின்றுவிட்டது. அவர் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அவர் சட்டைக் காலர் மடிப்பை எழுதினேன், பூச்சாடியில் படிந்த தூசியை எழுதினேன். தினமும் என் தலைக்கு மேலே ஏறி இறங்குகிற காலை நான் பார்க்கவே இல்லை. எனக்கு எழுத வருமா என்று இத்தனை நாள் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேனே, சந்தேகப்பட வேண்டியது என் கண்ணை அல்லவா?

வெளியே வந்தேன். பாய் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். அண்ணன் மேலே படுத்திருந்தவர் இறங்கிக்கொண்டிருந்தார். நின்று பார்த்தேன். கம்பியைப் பிடித்து, ஒரு காலை ஒரு படியில் வைத்து, அதே படியில் மறு காலையும் வைத்து, கொஞ்சம் நின்று, பிறகு அடுத்த படி. நான்கு படி இறங்க அவ்வளவு நேரம்.

"அண்ணே, இனிமே நான் மேல படுத்துக்கறேன்."

"ஏன், என்ன திடீர்னு?"

"மேல ஏசி காத்து நல்லா வரும்ல."

"உனக்குத்தான் ஏசியே ஆவாதே. நாலு தும்மல் கூடப் போடவா?"

எனக்கு வேறு பொய் கிடைக்கவில்லை. என் மெத்தையைச் சுருட்ட ஆரம்பித்தேன். அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றார்.

"பிளக் பாயின்ட் கீழதானே இருக்கு. அப்புறம் எப்படி எழுதுவே?" என்றார்.

மெத்தை கையிலிருந்து நழுவிவிட்டது.

"மேலேருந்து பாத்தா எல்லாம் தெரியும்டா. என் சட்டை எப்பவும் வெள்ளைதானே, எதுக்கு நீலம்னு எழுதினே?" பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "குவைத்துன்னு போட்டியே, அந்த மட்டும் நல்லதாப் போச்சு. எம் பொண்ணு கண்ணுல பட்டாலும் தெரியாது. படிச்சிருக்க மாட்டா. பி.எட். பரீட்சை இருக்கு அவளுக்கு."

சொல்லிவிடலாம் போல வாய் துடித்தது. சொல்லக்கூடாது என்று அந்தப் பெண் கேட்டிருக்கிறாள்.

"ஆமாண்ணே, படிச்சிருக்க மாட்டா," என்றேன். அதற்கு மேல் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மெத்தைகளை மாற்றிப் போட்டோம். பிளக் பாயின்டிலிருந்து மேலே வரை ஒயர் இழுக்க அண்ணனே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தேடி எடுத்துக் கொடுத்தார். மேலே ஏறிப் படுத்து அந்தப் பெண்ணுக்குப் பதில் எழுதினேன். முதலில் எட்டு வரி வந்தது. மன்னிப்பு, விளக்கம், எல்லாம். அழித்தேன். "கீழே. இன்றிலிருந்து." என்று மட்டும் எழுதினேன். திரும்பப் படிக்கவில்லை. அனுப்பிவிட்டேன். பதிவையும் அழிக்கவில்லை. நீலச் சட்டையை மட்டும் வெள்ளையாக்கினேன்.

சாயங்காலம் வழக்கம்போல அண்ணன் குளித்து, சட்டை மாட்டி, மயில் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். பாய் சமையல்கட்டுக்குப் போனார். நான் மேல்கட்டிலில் மூச்சுக் காட்டாமல் படுத்திருந்தேன். ஏசி நேராக மூக்கில் அடித்தது. சாப்பாடு, பரீட்சை, பக்கத்து வீட்டுக் கல்யாணம் என்று பேச்சு போய்க்கொண்டிருந்தபோது தாங்க முடியாமல் தும்மிவிட்டேன். ஒன்றல்ல, மூன்று.

"டி.வி.ம்மா," என்றார் அண்ணன்.

போனில் அந்தப் பெண்ணின் குரல் கேட்டது.

"டி.வி.ய மேல மாத்திட்டீங்களாப்பா?"

அண்ணன் மெதுவாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். போனைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஆமாம்மா," என்று அவர் குரல் கேட்டது. "இன்னிக்குத்தான் மாத்தினோம்."

"கால் வலி பரவால்லயாப்பா இப்ப?"

"பரவால்லம்மா."

அப்புறம் முழங்காலைத் தடவிக்கொண்டே, "கேட்டைப் பூட்டியாச்சா?" என்றார்.