கிரீம் ரூமில் ஏசியை அணைத்த நாள்

பிஸ்கட் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள் யாரும் வீட்டில் பிஸ்கட்டைத் தொட மாட்டார்கள். என்னைப் போல கான்ட்ராக்டில் நின்றுகொண்டு அடுக்குகிற உங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். பிளஸ் டூ முடித்த கையோடு தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் கிரீம் பிஸ்கட் பேக்கிங்கில் சேர்ந்தேன். காலேஜ் ஏன் போகலை என்று கேட்காதீர்கள். பிடிக்கலை, அவ்வளவுதான்.

ஆதரிக்கிறோம்

ஒருநாள் கேட் பக்கத்தில் பெரிய பேனர் கட்டினார்கள். 'உலக நாடுகளின் பருவநிலை ஒப்பந்தத்தை எங்கள் நிறுவனம் ஆதரிக்கிறது' என்று பச்சை எழுத்து. நம் பிஸ்கட்டை வாங்கப்போகிற வெளிநாட்டுக்காரர் நேரில் பார்க்க வருகிறாராம். புகை, கரன்ட் எல்லாம் விசாரித்துத்தான் ஆர்டர் கொடுப்பாராம். ஆர்டர் கிடைத்தால் எங்கள் லைன் ஓடும். கிடைக்காவிட்டால் லைனை மூடுவார்கள், முதலில் வீட்டுக்குப் போவது நாங்கள்தான்.

அதனால் ஹெச்.ஆர். மேடம் கேன்டீனில் பாடம் எடுத்தார். பூமி சூடாகிறது, எல்லா நாடுகளும் சேர்ந்து புகையைக் குறைக்க ஒத்துக்கொண்டிருக்கின்றன, மழை தப்பினால் கோதுமை இல்லை, கோதுமை இல்லாமல் பிஸ்கட் ஏது? நியாயமாகத்தான் இருந்தது. "சரி மேடம், ஆதரிக்கிறோம்னா நாம இன்னா பண்ணணும்?" என்று கேட்டேன். மேடம் உடனே சொன்னார்:

"முதல்ல ஆதரிப்போம்மா. மத்ததை ஹெட் ஆபீஸ் சொல்லும்."

ஒத்திகை

வருகிறவர் கேள்வி கேட்டால் எப்படிப் பதில் சொல்வது என்று ஒத்திகை நடந்தது. மேடம்தான் வெளிநாட்டுக்காரர். என் பக்கத்தில் நின்று அடுக்கும் தேசம்மா அக்காவுக்கு ஊர் பழவேற்காடு. வாயில் பயம் என்பதே கிடையாது. "புகையைக் குறைக்க நீங்க என்ன செய்றீங்க?" என்று மேடம் கேட்டதும் அக்கா திருப்பிக் கேட்டாள்:

"நான் ஷேர் ஆட்டோல ஒருத்தி மடியில ஒருத்தியா குந்திகினு வரேன் மேடம். அவரு இன்னா, அவங்க ஊர்லேர்ந்து நடந்தா வராரு?"

புதுவாயல் டீக்கடை

ஷிஃப்ட் முடிந்து புதுவாயலில் டீ குடிக்கும்போது, எங்கள் கம்பெனி உலகத்தையே காப்பாற்றப் போகிறது என்று கடைக்கார அண்ணனிடம் பெருமையாக அளந்தேன். கண்ணாடி ஜாடியில் இருந்த எங்கள் பாக்கெட்டை எடுத்துத் தடவிப் பார்த்தார். வருஷத்துக்கு வருஷம் அது இளைத்துக்கொண்டு வருவது அவருக்கும் தெரியும்.

"உலகத்த அப்புறம் காப்பாத்துங்க தங்கச்சி, மொதல்ல இதுல ஒரு பிஸ்கட்டு சேத்துப் போடச் சொல்லு."

வழுக்கல்

நாங்கள் அடுக்குகிற கிரீம் ரூம் எப்போதும் ஜில்லென்று இருக்கணும். இல்லாவிட்டால் கிரீம் இறுகாது. இது சூப்பர்வைசருக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் கரன்ட்டை மிச்சம் பிடிக்கிறோம் என்று காட்ட, வெளிநாட்டுக்காரர் வருகிற அன்று ஏசியை அணைத்துவிட்டார். "அஞ்சு நிமிஷம்தாம்மா." வெளிநாட்டுக்காரரின் கார் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. எங்கள் வெயில் உங்களுக்குத் தெரியுமே! மேல் பிஸ்கட் கீழ் பிஸ்கட்டை விட்டு நகர ஆரம்பித்தது. மெஷின் சிக்கி நின்றது. முழங்கை வரை கிரீம். தேசம்மா அக்காவுக்குச் சிரிப்பு நிற்கவில்லை.

சரியாக அப்போது அவர் உள்ளே வந்தார். "டெஸ்டிங் போய்க்கினு இருக்கு சார்," என்றார் சூப்பர்வைசர். எனக்குப் பொறுக்கவில்லை. லைன் போனால் எனக்குத்தானே வேலை போகும்? தெரிந்த இங்கிலீஷில் போட்டு உடைத்தேன்: "சார், யூ கமிங், ஸோ ஏசி ஆஃப். டெய்லி ஆன்!"

மேடம் கண்ணை மூடிக்கொண்டார். போச்சு என்று நினைத்தேன். அந்த மனுஷன் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஒரு கோணல் பிஸ்கட்டை வாயில் போட்டார். சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். மேடம் கண்ணைத் திறந்து அதைத் தமிழில் சொன்னார்:

"ஏசியைப் போடச் சொல்றார். அவங்க ஆபீஸ்லயும் முதலாளி வந்தா இப்படித்தான் ஓடிப்போய் அணைப்பாங்களாம்."

ஆர்டர் வந்தது, லைன் ஓடுகிறது. எல்லா நாடும் கையெழுத்தே போடாமல் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிற ஒப்பந்தம் ஒன்று உண்டென்றால், அது பெரிய ஆள் வருகிறார் என்றதும் ஓடிப்போய் ஸ்விட்சை அணைப்பதுதான்.