எதிர்க்கடை துபாய்

ஷட்டரைப் பாதி ஏற்றியதுமே எத்திராஜ் திரும்பி எதிர்ப்பக்கம் பார்த்துவிடுவார். ஜஸ்டின் கடை திறந்தாயிற்றா, வாசலில் லோடு வண்டி நிற்கிறதா, என்ன இறங்குகிறது என்பதெல்லாம் தெரிந்த பிறகுதான் மீதி ஷட்டர் மேலே போகும்.

கரையான்சாவடியில் ட்ரங்க் ரோட்டின் இந்தப் பக்கம் எத்திராஜின் பெயிண்ட் கடை, அந்தப் பக்கம் ஜஸ்டினுடையது. இருவரும் ஒரே கம்பெனிக்கு டீலர்கள். வருஷ டார்கெட்டை முடிக்கும் டீலரைக் கம்பெனியே செலவு செய்து வெளிநாடு கூட்டிப்போகும். போன வருஷம் துபாய். ஜஸ்டின் போனார், எத்திராஜ் போகவில்லை. அன்று பிடித்த வயிற்றெரிச்சல் இன்றுவரை அடங்கவில்லை.

வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டு ஜஸ்டின் ஒட்டகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் படம் ஃப்ளெக்ஸாகி அவர் கடை முகப்பில் தொங்குகிறது. கல்லாவில் உட்கார்ந்தால் எத்திராஜுக்கு நேரெதிரே அதுதான். "ஒட்டகத்து மேல குந்திகினா ஷேக்காயிடுவானா? அப்போ பீச்சுல குதிர மேல குந்துனவன்லாம் ராஜாவா?" என்று ப்ரைமர் வாங்க வந்தவரிடம் கேட்பார். வந்தவர், பாவம், திரும்பிப் பார்த்துவிட்டு, "சோக்காதான் கீது அண்ணாத்தே" என்று சொல்லித் தொலைப்பார். அவருக்கு அன்று தள்ளுபடி கிடையாது.

ஜஸ்டின் கொண்டுவந்து கொடுத்த பேரீச்சம்பழத்தையும் எத்திராஜ் விடவில்லை. "நம்ம பூந்தமல்லி மார்க்கெட்லயே இத்த விட நல்லதா கெடைக்கும்" என்று சொல்லிக்கொண்டே சாயங்காலத்துக்குள் டப்பாவைக் காலி செய்தார். மனைவி ஷோபனாவுக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை.

இந்த வருஷம் எகிப்து என்று கம்பெனி ரெப் சொல்லிவிட்டுப் போன நாளிலிருந்து மனிதருக்குத் தூக்கம் போயிற்று. சரக்கு விற்கிறதோ இல்லையோ, கம்பெனியிடமிருந்து எடுத்தால் டார்கெட்டில் சேர்ந்துவிடும். எடுத்தார், எடுத்துக்கொண்டே இருந்தார். கடை நிரம்பி வீட்டுக்கும் வந்தது. கட்டிலுக்கு அடியில் ப்ரைமர் டப்பா, ஃப்ரிட்ஜ் கதவு பாதிதான் திறக்கும் அளவுக்குச் சுவருக்குப் பூசுகிற பட்டி மூட்டைகள். குழம்பு கொதிக்கும்போதும் பெயிண்ட் வாசனைதான் வருகிறது என்று ஷோபனா தலையில் அடித்துக்கொண்டாள். ஹாலில் கூரை தொடப்போகும் அடுக்கைக் காட்டி, "பிரமிடு பாக்க நீ இன்னாத்துக்கு அம்மாந்தூரம் போற? இங்கியே கட்டி வச்சிகீறியே" என்றாள்.

அவர் காதில் எதுவும் ஏறவில்லை. எகிப்து போகிறவர்கள் லிஸ்ட் வந்தது. எத்திராஜ் பெயர் இருந்தது, ஜஸ்டின் பெயர் இல்லை. வாழ்க்கையில் இதைவிட இனிப்பான சேதி அவருக்கு வந்ததில்லை. அன்று முழுக்க யாவாரத்தைக்கூடக் கவனிக்காமல் எதிர்க்கடையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜஸ்டின் முகம் எப்போது சுருங்கும் என்று காத்திருந்தார். அந்த ஒன்றுக்காகத்தானே வீட்டைக் குடோனாக்கினார்.

ஜஸ்டின் வந்தார். பஸ், லாரிக்கு நடுவே கையைக் காட்டிக்கொண்டு, ஒரு சூட்கேஸை இழுத்தபடி ரோட்டைக் கடந்து வந்தார்.

"புச்சு எதுவும் வாங்காத மச்சான். துபாய் போன பொட்டி ஊட்ல சும்மாதான் கீது, எட்துகினு போ." கைப்பிடியில் பச்சை ரிப்பன் ஒன்று கட்டியிருந்தது. "ஏர்போர்ட்ல எல்லா பொட்டியும் ஒரே மாரி சுத்திகினு வரும். அதான் எம்பொண்ணு ரோஷினி அடையாளத்துக்குக் கட்டி வுட்டுச்சி."

எத்திராஜ் பெட்டியைத் தொடவில்லை. "நான் போறேன், நீ போல. ஒனுக்கு வயிறு எரியலயா மாமே?"

"இன்னாத்துக்கு? நான்தான் ஒரு தபா சுத்தியாச்சே. இப்ப ஒன்னோட டர்ன். ஜாலியா போய்ட்டு வா."

"மெய்யாலுமா?"

"மெய்யாலுமேதான். கடைல ஆளு நிக்கறாங்க, வரேன்."

கள்ளநோட்டைப் பார்ப்பதுபோல எத்திராஜ் அந்த முகத்தைப் பார்த்தார். ஒரு மூலையிலும் பொறாமை இல்லை. ஒட்டகம் கிடக்கட்டும், துபாய் கிடக்கட்டும், இப்படி ஒரு மனசு இவனுக்கு மட்டும் எங்கேயிருந்து கிடைத்தது என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜஸ்டின் ரோட்டைக் கடந்து போனதும் பெட்டியைக் கல்லாவுக்குப் பின்னால் இழுத்துப்போனார். ஜஸ்டின் வீட்டு அடையாளம் நமக்கெதற்கு என்று ரிப்பனை அவிழ்க்கப் பார்த்தார். இறுக்கிக் கட்டியிருந்தது, நகத்துக்கு வரவில்லை. யாரும் பார்க்கவில்லையே என்று பார்த்துக்கொண்டு, குனிந்து முடிச்சைப் பல்லால் கடித்தார்.