தோல் உப்பு

எங்கள் கூடைப்பந்து கிளப்பின் ஆடுகளம் ஆம்பூருக்கு வெளியே, மூடிப்போன ஒரு தோல் ஷெட்டின் பின்சுவரை ஒட்டி இருந்தது. சிமெண்ட் தளம், இரு முனையிலும் இரும்புக் கம்பம், பலகை, வளையம். திங்களும் புதனும் பெண்கள் அணி, செவ்வாயும் வியாழனும் ஆண்கள் அணி, ஞாயிறு காலை எல்லோரும். நாளிதழ் ஒன்றில் செய்தி திருத்தும் வேலை பார்த்துக்கொண்டே பெண்கள் அணியில் எட்டு வருடம் இருந்தேன். பெரும்பாலும் பெஞ்சில்.

தளத்தின் ஓரத்தில் கோரை முளைக்கும். அதற்கு எங்களிடம் செலவில்லாத மருந்து ஒன்று இருந்தது. பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்புப் போடுவார்கள். பதனிடும் முன் அதை உதறிவிடுவார்கள். மயிரும் கறையும் ஒட்டிய அந்த உப்பு யாருக்கும் வேண்டாத பொருள். கேட்டால் டேனரியில் மூட்டையாகத் தூக்கிக் கொடுப்பார்கள். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஓரங்களிலும் கம்பங்களின் அடியிலும் கொட்டுவோம். ஒரு புல் முளைக்காது. இரும்பைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

போன வருடம் மழை நின்றதும், வடக்குக் கம்பத்தின் அடியில் பெயிண்ட் கொப்புளம் போல எழும்பியிருப்பதைப் பார்த்தேன். ஸ்கூட்டர் சாவியால் அழுத்தினேன். சாவி பாதி உள்ளே போயிற்று.

பக்கத்தில் நின்று அதைப் பார்த்தவள் எங்கள் அணியின் சென்டர். மாதனூர்க்காரி. ஷூ கம்பெனியில் தையல் லைனில் வேலை. கம்பெனி பஸ் இறக்கிவிட்டதும் நேரே பயிற்சிக்கு வருவாள். இரண்டு வாரத்தில் எங்கள் களத்தில் போட்டி. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கும் ஓர் அரசுத் துறையின் பயிற்சியாளர் அவள் ஆட்டத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. வயது வரம்பில் அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு.

"யார்கிட்டயும் சொல்லாதக்கா," என்றாள். "சொன்னா போட்டிய வேற ஊருக்கு மாத்திடுவாங்க. இத்தினி நாள் நின்னுச்சு, இன்னும் ரெண்டு வாரம் நிக்காதா?"

நான் சொல்லவில்லை. போட்டிக்கு முதல் நாள் கிளப் செயலாளர் கம்பங்களுக்குப் பட்டி பூசி நீலப் பெயிண்ட் அடிக்க வைத்தார். ஓட்டை மறைந்துவிட்டது.

முதல் பாதியில் எங்கள் அணிக்குத் தெற்கு வளையம். அவள் பதினான்கு புள்ளிகள் எடுத்தாள். பயிற்சியாளர் நோட்டில் ஏதோ எழுதினார். தடுப்பாட்டத்துக்காக வடக்கே ஓடும்போதெல்லாம் அவள் கம்பத்தைப் பார்க்காமல் இருந்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து பலகையில் பட்ட பிறகு கம்பத்தின் அதிர்வு அடங்கச் சற்று நேரம் பிடித்தது. வெயில் ஏற ஏற, சிறுபிள்ளைகள் பலகையின் நிழலைத் தேடிக் கம்பத்தடியில் வந்து உட்கார்ந்தார்கள்.

இடைவேளையில், அடுத்து ஆடவேண்டிய ஆண்கள் உடம்பைச் சூடாக்கிக்கொள்ள இறங்கினார்கள். எகிறி வளையத்தைப் பிடித்துத் தொங்குவது அவர்கள் வழக்கம். எத்தனை நொடி என்று கூட்டம் எண்ணும். அவர்களில் உயரமானவன் வடக்கு வளையத்தைப் பார்த்து ஓடிவந்தான். அவள் தண்ணீர் பாட்டிலைப் போட்டுவிட்டுக் குறுக்கே போய் நின்றாள்.

"தொங்காத."

"இன்னாக்கா, ரிங்கு உங்க வூட்டுதா?"

"கம்பம் அடியில அரிச்சிப் போயிருக்கு. கீழ பசங்க உக்காந்திருக்கு."

நடுவருக்கு அது கேட்டுவிட்டது. பலகையை அண்ணாந்து பார்த்துவிட்டு, ஆட்டத்தை நிறுத்துவதாகச் சொன்னார். செயலாளர் ஓடிவந்து இரு கையாலும் கம்பத்தைத் தள்ளினார். அசையவில்லை. இன்னும் இரண்டு பேர் சேர்ந்து தள்ளினார்கள். உள்ளங்கையில் நீலம் ஒட்டியது, அவ்வளவுதான். ரெண்டாவது பாதி ஆட தம் இல்லாம பேஜார் பண்றா என்று எதிரணிப் பக்கம் ஒருத்தி சொல்ல, சிலர் சிரித்தார்கள்.

உனக்கு யார் சொன்னது என்று செயலாளர் கேட்டார். தானே பார்த்ததாகச் சொன்னாள். என் பக்கம் திரும்பவில்லை. எந்த இடம் என்று கேட்டபோது, பெயிண்டுக்கு மேல் விரலை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். கண்டுபிடிக்க முடியவில்லை. தரையிலிருந்து ஒரு சாண், சுவர்ப் பக்கம் என்று எனக்குத் தெரியும்.

நான் பெஞ்சிலிருந்து எழுந்தபோது பயிற்சியாளரின் கார் சாலையில் ஏறியிருந்தது. அவர் மறுபடி வரவில்லை. ஒரு கல்லை எடுத்து அந்த இடத்தில் தட்டினேன். கை அகலத்துக்கு இரும்பு உள்ளே விழுந்தது. பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள்.

அவள் அதற்குள் தெற்கே நடந்துபோயிருந்தாள். முதல் பாதி முழுக்கத் தான் ஆடிய அந்தக் கம்பத்தின் அடியில் குந்தி உட்கார்ந்து, சுவர்ப் பக்கம் கையைவிட்டு அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.