வாழையிலையில் பொதிந்த நோய்

செங்கல் கிராமத்து லிஜா தினமும் நெய்யாற்றின்கரையில் ரயிலேறித் திருவனந்தபுரத்து ஆய்வுக்கூடம் ஒன்றுக்குப் போகிறாள். பயிர்களுக்கு நோய் தரும் பூஞ்சைகளை இனம் பிரிப்பது வேலை. பூஞ்சைக்கு ஊர்ப்பேச்சில் பூப்பல். "பூப்பலைப் பாக்கதுக்குச் சம்பளமா?" என்று கேட்பவர்கள் அங்கே உண்டு. கேட்ட கையோடு புள்ளி விழுந்த இலையை நீட்டுபவர்களும் அவர்களே.

அவள் தொழிலில் சாட்சிகள் இரண்டு. ஒன்று உருவம்: நுண்ணோக்கியில் தெரியும் வித்துகளின் வடிவம், நீளம், நிறம். மற்றது மரபணு. உருவம் பொய் சொல்லாது, பாதியில் நிறுத்திக்கொள்ளும். சோற்றுப் பருக்கை போல ஒரே மாதிரி வித்து போடும் பூஞ்சைகள் பல. அவற்றைப் பிரிக்க மரபணுவைப் படித்தாக வேண்டும்.

போன மழைக்காலத்தில் அவள் அப்பா தாசையனின் மரச்சீனித் தண்டுகளில் (மரவள்ளிக்கு அங்கே அதுதான் பெயர்) கரும்புள்ளி விழுந்தது. ஒரு துண்டை வெட்டிப் பொதிந்து கொடுத்தார். மறுநாள் ஹர்த்தால். பொதி பைக்குள் ஈரமாகக் கிடந்தது. அடுத்த நாள் பிரித்தால் தண்டின்மேல் பூஞ்சை செழித்திருந்தது. அதையே எடுத்து வளர்த்தாள்.

உருவத்தைப் பார்த்தால் மரச்சீனியின் வழக்கமான பூஞ்சை. மரபணுவோ, இது வாழைக்காயைத் தாக்கும் இனம் என்றது. வாழையின் நோய் மரச்சீனிக்குத் தாவியிருக்கிறது! யாரும் இதை எழுதியதாக அவள் கண்ணில் படவில்லை. பிறர் கட்டுரைகளில் நான்காவது பெயராகவே வந்து அலுத்தவளுக்கு, தன் பெயர் முதலில் வரும் ஒரு கட்டுரை சின்ன ஆசை இல்லை.

வீட்டில் சொன்னாள்.

"அப்போ எனக்க தோட்டத்துக்குப் பேரு வருமா?" என்றார் தாசையன்.

"நோயிக்காக்கும் பேரு வரும், அப்பா."

"வரட்டும் மக்கா. நல்லதுக்கு ஒண்ணும் நம்ம பேரு வரேல்லியே."

ஒரு சோதனை பாக்கி. அந்தப் பூஞ்சையை நல்ல மரச்சீனிச் செடியில் தடவி, அதே புள்ளி வருகிறதா என்று பார்க்க வேண்டும். தடவினாள். செடி தளதளவென்று வளர்ந்தது. மறுபடி தடவினாள். மறுபடி வளர்ந்தது. மரச்சீனி நன்றாக வளர்வதைக் கண்டு வருத்தப்பட்ட ஒரே ஆள் அந்தத் தாலுகாவில் அவளாகத்தான் இருக்கும்.

அன்று மதியம் பொதிச்சோற்றைப் பிரித்தாள். வாட்டிய வாழையிலை. சோற்றுக்குப் போன கை நின்றுவிட்டது. அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"அப்பா, அந்தத் தண்டை எதுலயாக்கும் பொதிஞ்சு தந்தது?"

"எலையிலதான். மீனானாலும் நோயானாலும் பின்னே எதுல பொதிய?"

"வாட்டின எலையா?"

"நோயிக்கு எதுக்கு எலைய வாட்டணும்? பச்சை எலையாக்கும்."

புதிதாக ஒரு தண்டைக் காகித உறையில் கொண்டுபோய்ப் பார்த்தாள். மரச்சீனியின் பழைய பூஞ்சைதான். உருவமும் மரபணுவும் இம்முறை சண்டையில்லாமல் ஒத்துப்போயின. முதலில் வளர்ந்தது பச்சை இலையிலிருந்து தண்டில் ஒட்டிய பூஞ்சை. கட்டுரை போயிற்று.

ஆனால் அப்பா இலை அறுத்த அந்த வாழையில் ஒரு புள்ளிகூட இல்லை என்பது அவளை விடவில்லை. அதன் இலையில் ஒரு துண்டை, மேலே ஒட்டியிருப்பது சாக மருந்தில் கழுவி வளர்த்தாள். உள்ளிருந்து வந்தது அதே பூஞ்சை. நோய் எதுவும் தராமல் குடியிருக்கும் நோய்ப்பூஞ்சை! அது யார் என்று இரண்டு சாட்சிகளும் சொல்லிவிட்டன. அங்கே அதற்கு என்ன வேலை என்றுதான் சொல்லவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்: "அப்பா, காலையில எனக்குக் கொஞ்சம் எலை வேணும். ஒவ்வொரு வாழையிலயும் ஒண்ணு."

"சோறு பொதியவா?"

"இல்ல. வெறும் எலை."

தாசையன் யோசித்தார். "வெறும் எலைய எதுல மக்கா பொதிஞ்சு தர?"